பழைய டயர், ட்யூப், ஆயில் கேனில் சாலைப் பாதுகாப்புச் சாமான் செய்யும் முறை

பர்மாவில் தட்டோனிலிருந்து மோல்மேன் போகிற 8ஆம் நம்பர் நெடுஞ்சாலை ஓரத்தில் எனக்கு டயர் கடை. பஞ்சர், வல்கனைசிங், பழைய டயர் வாங்கி விற்பது எல்லாம் உண்டு. 2005இல் சல்வீன் ஆற்றுப் பாலம் திறந்தபிறகு ராத்திரி முழுக்க லாரி ஓடுகிற ரோடு இது. அதே ரோட்டில்தான் தோலாஜியும் மாட்டு வண்டியும் சைக்கிளும் பின்னால் ஒரு சிவப்புப் பொட்டுக்கூட இல்லாமல் போகின்றன. கைட்ராக்டரில் டிரெய்லரைக் கட்டி இழுக்கிற வண்டிக்கு இங்கே தோலாஜி என்று பெயர். நெல், ரப்பர் ஷீட், மூங்கில், ஆள் என்று எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு மெதுவாகப் போகும். பின்னால் வருகிற லாரிக்காரருக்கு அது கண்ணில் படுவது மிகக் கடைசி நேரத்தில்தான். அப்படி இடிபட்ட வண்டிகள் என் கடை வாசலுக்கு வந்திருக்கின்றன. அவற்றில் வந்தவர்கள் எனக்குத் தெரிந்த வீட்டுப் பிள்ளைகள்.

என் கடையில் கழிவு நிறைய. லாரி டயருக்குள் போடுகிற ஃபிளாப், கிழிந்த ட்யூப், பைக் டயர், காலி ஆயில் கேன் எல்லாம் குவிந்து கிடக்கும். இவற்றிலிருந்து மூன்று சாமான் செய்கிறேன்: வண்டிக்குப் பின்னால் தொங்குகிற பலகை, ரோட்டோரம் நிறுத்துகிற கம்பம், காலில் மாட்டுகிற பட்டை. மூன்றையும் நீங்களும் செய்யலாம். காசு கொடுத்துப் புதிதாக வாங்குவது ஒளி திருப்பும் ஸ்டிக்கர் டேப்பும் கொஞ்சம் ரிவிட், வாஷரும் மட்டும்தான்.

கையில் கத்தி எடுக்கும் முன் இரண்டு விஷயத்தை மனதில் வையுங்கள். ஒன்று, ராத்திரியில் டிரைவர் கண்ணுக்கு அது தெரிய வேண்டும். பகலில் பளபளவென்று இருப்பது கணக்கில் வராது. இரண்டு, வண்டி அதன்மேல் மோதினால் அது வளைய வேண்டும், சாய வேண்டும், நசுங்க வேண்டும். மோதுகிறவரைக் கொல்லக் கூடாது. இந்த இரண்டில் ஒன்று தவறினாலும் அதை ரோட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

வெளிச்சம் எங்கே போகிறது என்று பாருங்கள்

பழைய சிடியைச் சைக்கிள் மட்கார்டில் கட்டிவிட்டால் போதும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். பகலில் கலர் கலராக மின்னுகிறது, உண்மைதான். ஆனால் சிடி ஒரு கண்ணாடி மாதிரி. சுவரில் சாய்த்து எறிந்த பந்து வேறு பக்கம் தெறித்துப் போகிறதில்லையா, ஹெட்லைட் வெளிச்சமும் சிடியில் பட்டு அப்படித்தான் வயலுக்கோ வானத்துக்கோ போய்விடும். சிடி நேர் எதிரே துல்லியமாக நின்றால்தான் டிரைவருக்குக் கொஞ்சம் திரும்பும். சைக்கிள் ஆடுகிற ஆட்டத்தில் அது நடக்காது.

நமக்கு வேண்டியது, எந்தப் பக்கத்திலிருந்து வெளிச்சம் வந்தாலும் வந்த வழியே திருப்பி அனுப்புகிற பொருள். அதில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்றில் பொடிப்பொடியான கண்ணாடி உருண்டைகள் பதிந்திருக்கும், தடவினால் மேற்பரப்பு ஒரே வழவழப்பாக இருக்கும். இன்னொன்றில் மூன்று முகம் சேர்கிற மூலைகள் வரிசையாக இருக்கும், பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தேன்கூடு போலவோ டைமன் கட்டம் போலவோ தெரியும். இந்தக் கட்டம் போட்ட டேப் கூடுதல் தூரத்துக்குத் தெரியும். முடிந்தால் இதையே வாங்குங்கள்.

பழைய டெயில் லைட், சைக்கிள் பெடல், லாரியின் பக்கவாட்டில் மின்னுகிற சில்லு இவற்றிலும் மூலை ஜாதி ரிஃப்ளெக்டர் இருக்கிறது. காயலான் கடையில் கிடைத்தால் எடுத்துவையுங்கள். ஆனால் பின்பக்க மூடி பிரியாமல் முழுசாக இருக்க வேண்டும். அந்தப் பிளாஸ்டிக்கின் பின்முகத்தில் காற்று பட்டிருந்தால்தான் வெளிச்சம் உள்ளேயே திரும்பும். அங்கே பசையோ தண்ணீரோ புகுந்தால் செத்துவிடும். அதனால் ரிஃப்ளெக்டரின் முதுகில் நேராகச் சொல்யூஷன் தடவி ஒட்டாதீர்கள். விளிம்பில் பிடித்து முடுக்குங்கள். விரிசல் விட்டதை வேண்டாம் என்று போட்டுவிடுங்கள்.

சோதிப்பது சுலபம். இருட்டின பிறகு ஒருவர் சாமானைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் நிற்கட்டும். நீங்கள் நூறு தப்படி தள்ளி நின்று, போன் டார்ச்சைக் கன்னத்தில், கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து அடியுங்கள். டார்ச்சை இடுப்பில் பிடித்தால் முடிவு தப்பாக வரும், ஏனென்றால் வெளிச்சம் டார்ச்சுக்குத் திரும்புமே தவிர உங்கள் கண்ணுக்கு வராது. பக்கத்திலேயே ஒரு துண்டு புது டேப்பையும் பிடித்து ஒப்பிட்டுப் பாருங்கள். பழையது மங்கலாக இருந்தால் தயவு தாட்சண்யம் பார்க்காமல் கழித்துவிடுங்கள்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 16 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். பார்த்து, புரிந்து, பிரேக்கில் கால் வைக்கிறதற்குள்ளேயே அவ்வளவு தூரம் போய்விடுகிறது. அதற்குப் பிறகுதான் வண்டி நிற்க ஆரம்பிக்கும். மழை நாளில் அந்தத் தூரம் இரண்டு மடங்காகும். கருப்புச் சட்டை போட்டவர் டிம் லைட்டில் ஏறத்தாழ 30 மீட்டரில்தான் தெரிவார். நல்ல டேப் 150 மீட்டரில் தெரியும். இந்த வித்தியாசத்துக்காகத்தான் இத்தனை வேலையும்.

எந்தக் கழிவு எதற்கு ஆகும்

டயரை உருக்கி வேறு சாமான் வார்க்க முடியுமா என்று கேட்டு வருகிறவர்கள் உண்டு. முடியாது. 1839இல் சார்லஸ் குட்இயர் கண்டுபிடித்தது போல ரப்பரையும் கந்தகத்தையும் சேர்த்துச் சூடாக்கினால் இழைகள் ஒன்றோடொன்று கட்டிக்கொள்ளும். பிறகு எத்தனை சூடு வைத்தாலும் கருகுமே தவிர இளகாது. பெரிய தொழிற்சாலையில் டயரைத் தூளாக்கி, பிசின் கலந்து, அச்சில் அழுத்தி வேகத்தடையும் கோன் அடிப்பாகமும் செய்கிறார்கள். நம் கையில் இருப்பது வெட்டுவது, துளைப்பது, முடுக்குவது. அதற்குத் தக்க சாமானைத்தான் யோசிக்க வேண்டும்.

லாரியின் ரேடியல் டயரைத் தொடாதீர்கள். ரோட்டில் படுகிற பட்டன் பகுதிக்கு அடியில் எஃகுக் கம்பி பின்னல் இருக்கிறது. வெட்டினால் முனைகள் ஊசி மாதிரி நீட்டிக்கொள்ளும், ரோட்டோரம் வருகிற பிள்ளையின் காலைக் கிழிக்கும். பைக் டயர் நல்லது. பெரும்பாலானவற்றில் நைலான் நூல்தான், கம்பி இருப்பது பீடிங்கில், அதாவது ரிம்மில் பிடித்துக்கொள்கிற ஓரத்தில் மட்டும். பீடிங்கை ஓரமாக வெட்டி எடுத்துவிட்டால் மிச்சம் முழுக்கக் கத்திக்கு மசியும். கத்தியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துக்கொண்டே வெட்டுங்கள். காய்ந்த கத்தி ரப்பரில் பிடித்துக்கொள்ளும், வெடுக்கென்று விடுபடும்போது கையைப் பதம் பார்க்கும். எப்போதும் உடம்பை விட்டு வெளிப்பக்கமாக இழுங்கள்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது லாரி ஃபிளாப். ட்யூபுக்கும் ரிம்முக்கும் நடுவில் இருக்கிற ரப்பர் வளையம் அது. கம்பி இல்லை, நூலும் இல்லை. ஏறத்தாழ ஒரு சாண் அகலம், நடுவில் தடிப்பு, ஓரத்தில் மெல்லிசு. குறுக்கே வெட்டி நீட்டினால் நல்ல பட்டையாகிவிடும்.

அடுத்தது அலுமினியத் தகடு. இது ஏன் வேண்டும் என்றால், ஸ்டிக்கர் டேப் ரப்பரில் நிற்காது. ரப்பருக்குள் கலந்திருக்கிற மெழுகு நாளாக நாளாக மேலே பூத்து வரும், பசை கழன்றுவிடும். ஆயில் கேன் பிளாஸ்டிக்கிலும் பசை சரியாகப் பிடிக்காது. சுத்தமான அலுமினியத்தில் ஒட்டினால் மழைக்கும் வெயிலுக்கும் தாங்கும். அச்சகத்தில் ஒரு தடவை ஓட்டின ஆஃப்செட் பிளேட்டை எடைக்குப் போடுவார்கள். வீசைக் கணக்கில் கேட்டு வாங்குங்கள். ஒரு வீசைக்கு நிறையத் தகடு வரும், அவ்வளவு லேசு. கத்தரிக்கோலிலேயே வெட்டலாம்.

தோலாஜிப் பலகை

இதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன். நேரம் இல்லாதவர்கள் இது ஒன்றை மட்டும் செய்தாலும் போதும்.

ஃபிளாப்பை வால்வு ஓட்டை இருக்கிற இடத்தில் வெட்டிப் பிரியுங்கள். சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிக் காயவையுங்கள். 16 அங்குல நீளத்துக்கு ஒரு துண்டு. ஓரத்தில் மெல்லிசாகக் கிழிகிற பகுதியை நறுக்கிவிடுங்கள். ஒரு வண்டிக்கு ஒரே அளவில் இரண்டு துண்டு வேண்டும்.

பிளேட்டை 12க்கு 5 அங்குலமாக வெட்டுங்கள். மூலைகளைச் சாய்த்துக் கத்தரித்து, நாலு ஓரத்தையும் அரை அங்குலம் பின்பக்கமாக மடியுங்கள். இரும்பு ஸ்கேலை வைத்து அழுத்தி, மரச்சுத்தியால் தட்டினால் மடிப்பு நேராக வரும். இதைச் சோம்பல்பட்டு விட்டுவிடாதீர்கள். மடிக்காத தகடு பிளேடு மாதிரி வெட்டும். மடித்தபின் 11க்கு 4 அங்குலம் இருக்கும். முகத்தைச் சோப்பால் கழுவி, துடைத்து, ஸ்பிரிட் நனைத்த துணியால் இன்னொரு தடவை துடைத்துவிட்டு, அதன்பின் விரல் படாமல் டேப் ஒட்டுங்கள். 2 அங்குலச் சிவப்பு டேப் இரண்டு வரிசை சரியாகப் பொருந்தும். நடுவிலிருந்து ஓரத்துக்குத் துணியால் அழுத்திக்கொண்டே போனால் காற்றுக் குமிழி வராது. வெட்டின ஓரம் வழியாகத்தான் மழைத்தண்ணீர் உள்ளே புகும். அந்த ஓரங்களில் நிறமில்லாத நகப்பாலிஷை மெல்லிசாக ஒரு கோடு இழுத்துவிடுங்கள். ஒரு நாள் முழுக்க அப்படியே விடுங்கள், பசை இறுகட்டும்.

பிறகு தகட்டை ரப்பர்மேல் வைத்து, சுற்றிலும் ஆறு இடத்தில் துளை போட்டு ரிவிட் அடியுங்கள். ரப்பரில் டிரில் போடும்போது அடியில் மரக்கட்டை வைத்து மெதுவாகச் சுற்றுங்கள், வேகமாகச் சுற்றினால் ரப்பர் முறுக்கிக்கொள்ளும். ரப்பர் பக்கத்தில் கட்டாயம் வாஷர் போடுங்கள். வாஷர் இல்லாத ரிவிட் பத்து நாள் குலுங்கினால் ரப்பரைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். ரிவிட்டும் அலுமினியமாகவே இருக்கட்டும். எங்கள் பக்கத்து மழைக்கு இரும்பு ஒரு பருவம்கூடத் தாங்காது.

தொங்கவிடுகிற இடத்தில் வெறும் ஃபிளாப் கிழியும். அங்கே பைக் டயர்த் துண்டு ஒன்றை முன்னும் பின்னுமாக மடித்துச் செருகி, அதோடு சேர்த்து இரண்டு போல்ட் போடுங்கள். நைலான் நூல் இழுவையைத் தாங்கிக்கொள்ளும். அடிப்பக்கத்தைக் கட்ட வேண்டாம். வண்டி ரிவர்ஸ் எடுக்கும்போது மேட்டில் இடித்தால் பலகை மடங்கிக்கொடுத்துத் திரும்ப இறங்கும்.

எங்கே மாட்டுவது என்பதில்தான் உயிர் இருக்கிறது. டிரெய்லரின் பின்பக்கம் இடது கோடியில் ஒன்று, வலது கோடியில் ஒன்று. நடுவில் ஒரே ஒரு பலகை மாட்டினால் பின்னால் வருகிறவர் அதை மோட்டார் சைக்கிள் என்று நினைத்து ஒதுங்கிப் போகப் பார்ப்பார், டிரெய்லரின் மூலை அவர் வண்டியைக் கிழிக்கும். இரண்டு கோடியிலும் சிவப்பு தெரிந்தால்தான் இவ்வளவு அகலம் என்று புரியும். தரையிலிருந்து ஒன்றரை அடிக்கும் 3 அடிக்கும் நடுவில் இருக்கட்டும், டிம் லைட் வெளிச்சம் அந்த உயரத்தில்தான் விழுகிறது.

முன்பக்கத்தை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். கைட்ராக்டருக்கு ஒற்றை விளக்குதான். எதிரே வருகிறவருக்கு அதுவும் பைக் மாதிரியே தெரியும், பின்னால் அகலமான டிரெய்லர் இருப்பது தெரியாது. அதனால் டிரெய்லரின் முன் இடது மூலையில், எதிர் வண்டி உரசிப் போகிற பக்கத்தில், இதே மாதிரிச் சின்னப் பலகை ஒன்று வெள்ளை டேப் ஒட்டி மாட்டுங்கள். நம் நாட்டில் இதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 1970 டிசம்பரில் பர்மா வலதுபக்கப் போக்குவரத்துக்கு மாறியது, ஆனால் ஜப்பானிலிருந்து வந்த வண்டிகளில் ஸ்டியரிங் இன்னும் வலதுபக்கமே இருக்கிறது. டிரைவர் ரோட்டோரமாக உட்கார்ந்திருப்பதால் முன்னால் போகிற வண்டியைத் தாண்டும்போது எதிரே வருவது தெரிய அவர் பாதி வண்டியை வெளியே நீட்ட வேண்டியிருக்கிறது. அந்த ஒரு கணத்தில் உங்கள் இடது மூலை அவருக்குப் பளிச்சென்று தெரிந்தாக வேண்டும். முன்னால் வெள்ளை, பக்கத்தில் மஞ்சள், பின்னால் சிவப்பு. இதை மாற்றாதீர்கள். சிவப்பைப் பார்த்தால் நம் திசையில் போகிற வண்டி என்றும் வெள்ளையைப் பார்த்தால் எதிரே வருகிற வண்டி என்றும்தான் டிரைவர் மனது கணக்குப் போடும்.

மூங்கில் ஏற்றினால் டிரெய்லரைத் தாண்டிப் பல அடி நீட்டிக்கொண்டிருக்கும், பலகையையும் மறைத்துவிடும். அதற்கென்று ஒரு பலகையைத் தனியாகச் செய்து, மேலே ட்யூப் வளையம் போட்டு, மூங்கில் நுனியில் மாட்டிக்கொள்ளும்படி வண்டியிலேயே வைத்துவிடுங்கள்.

நான் பர்மியத் தோலாஜிக்காரர்களுக்கும் மாட்டிவிடுகிறேன். "அகோ (அண்ணே), கொஞ்சம் நிறுத்துங்க" என்று கூப்பிட்டு, பலகையைக் கையில் கொடுத்து, டார்ச் அடித்துக் காட்டினால் ஒருவரும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

சாய்ந்து எழுகிற கம்பம்

பள்ளிக்கூட வாசல், கோவில் திருவிழா, தெருவில் தோண்டிப் போட்ட பள்ளம் இவற்றுக்கு இது ஆகும்.

அடிப்பாகத்துக்கு 12 அங்குலச் சின்ன டயர் ஒன்று. படுக்கவைத்தால் அடியில் வருகிற பக்கத்தில் அரை அங்குலத் துளை ஏழெட்டுப் போட்டுவிடுங்கள். டயருக்குள் தேங்குகிற மழைத்தண்ணீரில்தான் டெங்குக் கொசு முட்டையிடுகிறது. ரோட்டில் ஒருவரைக் காப்பாற்றுகிறேன் என்று தெருவில் நாலு பேரைக் காய்ச்சலில் படுக்க வைக்கக் கூடாது. மேல்பக்க வாயின் குறுக்கே பைக் டயர்ப் பட்டை இரண்டைச் சிலுவையாகப் போட்டு, நாலு முனையையும் டயரின் பக்கச்சுவரோடு போல்ட் போடுங்கள். சிலுவை சேர்கிற நடுவில் ஓர் அங்குல ஓட்டை.

கம்பத்துக்கு ஆயில் கேன், கியர் ஆயில் கேன், பேட்டரித் தண்ணீர் கேன் எதுவும் ஆகும், வாய் நடுவில் இருக்க வேண்டும். ஒரு ராத்திரி கவிழ்த்துவைத்து மிச்ச எண்ணெயை ஒரு டப்பாவில் வடித்துக்கொள்ளுங்கள், செயினுக்குப் போட உதவும். சாக்கடையில் ஊற்ற வேண்டாம். சோப்புத்தூளும் சாம்பலும் போட்டுக் குலுக்கிக் கழுவுங்கள். ஒவ்வொரு கேனின் அடியிலும் அடுத்த கேனின் கழுத்து நுழைகிற அளவுக்கு ஓட்டை வெட்டி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் கழுத்தும் ஓட்டையும் பூட்டிக்கொள்ளும். இரண்டரை, மூன்று அடி உயரம் போதும். வெள்ளை, மஞ்சள், சிவப்புக் கேன்களாகப் பொறுக்குங்கள். கருப்பு வேண்டாம்.

இப்போது பைக் ட்யூப். வால்வை வெட்டி எறிந்துவிட்டு நீளமாக ஒரே கயிறாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையைச் சிலுவை ஓட்டையின் கீழ் ஒரு மூங்கில் குச்சியில் கட்டி, மேல் முனையைக் கேன்கள் வழியாகக் கோத்து வெளியே எடுங்கள். இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் கேன்களைப் பிடிக்க, ஒருவர் ட்யூபை இழுக்க. நல்ல இறுக்கம் வரும்வரை இழுத்து, டயரில் வெட்டின வட்டத் துண்டு ஒன்றில் கோத்து முடிச்சுப் போடுங்கள். கம்பத்தைக் கையால் தள்ளிப் பாருங்கள். சாய வேண்டும், விட்டதும் நிமிர வேண்டும். நிமிராவிட்டால் இன்னும் இழுத்து முடிச்சுப் போடுங்கள்.

டேப்புக்கு மறுபடியும் அலுமினியம்தான். மடித்த ஓரத்தோடு 4 அங்குல அகலப் பட்டையாக வெட்டி, டேப் ஒட்டி, கேனைச் சுற்றி வளைத்து, பட்டையின் இரு முனையையும் ஒன்றோடொன்று ரிவிட் அடியுங்கள். ஒரு கம்பத்துக்கு இரண்டு பட்டை: மேலே சிவப்பு, கீழே வெள்ளை.

காற்றுக்கு நகராமல் இருக்க, சிமெண்டுப் பையைக் கிழித்துச் சின்ன மூட்டைகளாகத் தைத்து, மணல் நிரப்பி, டயருக்குள் திணியுங்கள். கல் போடாதீர்கள். சிமெண்டு ஊற்றவே ஊற்றாதீர்கள். சிமெண்டு நிரப்பின டயரில் இரும்புக் குழாய் நட்டு வாசலில் வைத்திருப்பதைப் பல ஊரில் பார்க்கிறேன். ராத்திரி பைக்கில் வருகிறவர் அதில் மோதினால் என்ன ஆவார் என்று வைத்தவர் ஒரு நிமிடம் யோசித்திருந்தால் வைத்திருக்க மாட்டார்.

வார்டு ஆபீசில் சொல்லிவிட்டு வையுங்கள். பள்ளத்துக்குப் பக்கத்தில் மட்டும் ஒன்றை நட்டால் பயன் குறைவு. வண்டி வருகிற பக்கம் முப்பது தப்படி முன்னாலேயே முதல் கம்பத்தை ரோட்டோரமாக வைத்து, அடுத்தடுத்ததைச் சாய்வாக உள்ளே கொண்டுவந்து பள்ளத்தில் முடியுங்கள். இது ஊருக்குள்ளே, மெதுவாக ஓடுகிற தெருவுக்கு. லாரி பறக்கிற நெடுஞ்சாலைப் பள்ளத்துக்கு இது ஆகாது, அங்கே ரோட்டு இலாகாவுக்குச் சொல்லி அவர்களை வரவழையுங்கள்.

காலில் மாட்டும் பட்டை

பைக் ட்யூபை ஒன்றரை அங்குல அகலத்தில் வளையமாக நறுக்கினால் பெரியவர் கணுக்காலுக்கு இழுத்து மாட்டச் சரியாக இருக்கும். டேப்பை நேரே ஒட்டினால் ரப்பர் நீளும்போது உரிந்துவிடும். கிழிந்த ஃபிளெக்ஸ் பேனரில் ஒரு துண்டு வெட்டி, அதில் டேப் ஒட்டி, இரண்டு முனையை மட்டும் செருப்புத் தைக்கிறவரிடம் கொடுத்துத் தைத்துக்கொள்ளுங்கள். ஃபிளெக்ஸில் பசை நன்றாகப் பிடிக்கும்.

கையிலோ முதுகிலோ மாட்டாமல் கணுக்காலில் மாட்டச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நடக்கிறவர் கால், பெடல் மிதிக்கிறவர் கால் மேலும் கீழுமாக ஆடுவதைப் பார்த்ததும் இது மனிதர் என்று டிரைவருக்கு உடனே புரிந்துவிடுகிறது. அசையாத பொட்டு ஒன்றைப் பார்த்தால் கம்பமா, கல்லா என்று யோசிக்க நேரம் போகும். பங்குனி உத்திரத்துக்கு விடியும் முன்னால் பால்குடம், காவடி எடுத்து ரோட்டில் வருகிறவர்களுக்கு இது கட்டாயம் வேண்டும். காலையில் பிக்குகள் வரிசையாக வரும்போது கூடவே தூக்குச் சட்டியைச் சுமந்து வருகிற பையனுக்கும் கொடுங்கள், அல்லது சட்டியிலேயே ஒரு பட்டையைச் சுற்றிவிடுங்கள்.

ரோட்டு வேலைக்காரர் போடுகிற சட்டையில் இருக்கிற வெள்ளித் துணிப் பட்டையைப் பழசில் பிரித்து உபயோகிக்கலாமா என்றால், வெயில் காலத்துக்கு மட்டும். அதில் கண்ணாடி உருண்டைகள் திறந்தபடி இருப்பதால் மழையில் நனைந்தால் மங்கிவிடும். பலதடவை துவைத்ததும் ஆகாது. அந்தச் சட்டையின் பச்சை மஞ்சள் துணி பகல் வெளிச்சத்தில்தான் பளீரென்று தெரியும், ராத்திரி ஹெட்லைட்டில் அந்தப் பளீர் கிடைக்காது.

செய்யக் கூடாதவை

டயர்ப் பட்டையை ரோட்டுக்குக் குறுக்கே ஆணி அடித்து வேகத்தடை போடாதீர்கள். லாரி ஏறி ஏறி ஒரு முனை கிளம்பும், ஆணியோடு பறக்கும். வேகத்தடை வேண்டுமென்றால் ஊர்ப் பெரியவர்களோடு போய் மனு கொடுங்கள்.

கண்ணாடிப் பாட்டிலை இடித்துப் பெயிண்டில் கலந்து பூசினால் மின்னும் என்கிறார்கள். ரோட்டுக் கோட்டில் தூவுகிற கண்ணாடியும் பழைய ஜன்னல் கண்ணாடியிலிருந்து வருவதுதான், ஆனால் அதை அரைத்துத் தீக்கொழுந்துக்குள் விட்டு உருண்டையாக்கித் தூவுகிறார்கள். உருண்டையாக இருந்தால்தான் வெளிச்சம் திரும்பும். இடித்த கண்ணாடி காலைத்தான் வெட்டும்.

பிளாஸ்டிக் பையை உருக்கி ரோட்டில் ஊற்றுவதும் நம் வேலை இல்லை. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் ராஜகோபாலன் வாசுதேவன் பிளாஸ்டிக் சாலைக்கு வழி கண்டுபிடித்து 2018இல் பத்மஸ்ரீ வாங்கினார், தமிழர் எல்லோருக்கும் பெருமை. அவர் முறையில் சூடான ஜல்லிமேல் பிளாஸ்டிக் தூள் படிகிறது, அதற்குப் பிறகுதான் தார் சேர்கிறது. சூட்டை அளந்து வைக்க இயந்திரம் வேண்டும், பிவிசி ஒரு துண்டுகூடக் கலக்கக் கூடாது, சூட்டில் அது அமிலப் புகை விடும். வீட்டு முற்றத்தில் அண்டா வைத்துச் செய்கிற காரியம் அல்ல.

மாட்டிய பிறகு

இங்கிலாந்தில் பெர்சி ஷா 1934இல் பதிவுசெய்த ரோட்டுப் பூனைக்கண்ணில் ஒரு அருமையான ஏற்பாடு உண்டு. டயர் ஏறி அழுத்தும்போது ரப்பர் அமுங்கி, உள்ளே தேங்கின மழைத்தண்ணீரால் கண்ணாடியைத் தானே துடைத்துக்கொள்ளும். நம் பலகைக்கு அந்த வசதி இல்லை. எங்கள் பக்கம் வைகாசியில் மழை பிடித்தால் ஐப்பசி வரை விடாது, ஒரே ஓட்டத்தில் சேறு அப்பி டேப் முழுக்க மூடிவிடும். டீக்கடையில் நிறுத்துகிற ஒவ்வொரு தடவையும் ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுக்கச் சொல்லுங்கள். பலகையோடு சேர்த்து ஒரு துணியும் கொடுத்துவிடுங்கள், நான் அப்படித்தான் கொடுக்கிறேன். மழை பிடிக்கும் முன் ஒரு தடவை, விட்டபின் ஒரு தடவை டார்ச் சோதனை போடுங்கள். மங்கினது தகட்டோடு வரட்டும், ரிவிட்டைத் துளைத்து எடுத்துவிட்டுப் புதுத் தகடு அடிக்கலாம். அடியில் இருக்கிற ரப்பர் இன்னும் பல வருஷம் உழைக்கும்.

கம்பத்தில் ட்யூப் முதலில் போகும். வெயிலில் வெடித்து முடிச்சுப் பக்கத்தில் அறும். கேன் நசுங்கினால் உள்ளேயிருந்து கட்டையால் குத்தி எடுத்துவிடலாம், கிழிந்தால் மாற்றுங்கள்.

மிச்சம் விழுகிற துண்டுகளை எரிக்காதீர்கள், அந்தப் புகை பக்கத்து வீட்டுக் குழந்தையின் நெஞ்சில் போய்ச் சேரும். பீடிங் கம்பியைப் பழைய இரும்புக்காரரிடம் வீசைக்குப் போடுங்கள். பைக் டயர்த் துண்டுகளை ஒரு சாக்கில் சேர்த்தால் செருப்பு அடி வெட்டுகிறவர் வந்து எடுத்துப் போவார். வெட்டாமல் கிடக்கிற டயர்களை மழை தொடங்கும் முன் கூரைக்கு அடியில் ஏற்றிவிடுங்கள். இடம் இல்லையென்றால் ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கமும் துளை போட்டு நிறுத்திவையுங்கள், தண்ணீர் நிற்காது.